மாடல் விழுந்த இடம்

செங்கல்பட்டு வானிலை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும் போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். கணினி அறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகையில் ‘தேசம்மா திட்டாத நாட்கள்’ என்று எழுதி, கீழே ஓர் எண் போட்டிருக்கிறதே, அது என்ன? அன்று எண் ஆறு என்றும் சொன்னீர்கள். நேரில் சொன்னதில் பாதி விட்டுப்போயிற்று. அதனால் எழுதி அனுப்புகிறேன்.

வானிலையைக் கணக்கிடும் நம் கணினி மாடலில் எந்த அமைப்புக்கு என்ன மதிப்பு போடுவது என்பது கையேட்டில் இருக்கிறது. அதைப் படித்துக்கொள்ளுங்கள். அந்த மதிப்பைப் போட்ட கை எப்போது பயப்பட வேண்டும் என்பது கையேட்டில் இல்லை. நான் எழுதப்போவது அதைப் பற்றி.

நான் இந்த வேலைக்கு நேர்வழியில் வந்தவள் இல்லை. இயற்பியல் படித்துவிட்டு ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக ஆறு ஆண்டுகள் இருந்தேன். அங்கே செய்தி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். அவர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று: தவறு எந்தப் பக்கத்தில், எந்த அளவு எழுத்தில் வந்ததோ, திருத்தமும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வரவேண்டும். முதல் பக்கத்தில் தப்புவிட்டு ஒன்பதாம் பக்கத்தில் மன்னிப்புக் கேட்பவனை அவர் பக்கத்தில் சேர்க்கமாட்டார். வானிலைக்கு வந்தபோது நான் கையோடு கொண்டுவந்தது அந்த ஒரு விதியைத்தான். அதையும் நடுவில் தொலைத்தேன்.

இனி தேசம்மா. புதுப்பட்டினம் கடற்கரையில் நெத்திலி காயவைக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்த குழுவுக்கு அவர்தான் தலைவி. என் வயதுதான். கடலோர ஊர்களுக்கு நாங்கள் தினமும் காலை பதினொரு மணிக்குக் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்புவோம்: காற்று எப்படி, அலை எப்படி, மழை உண்டா இல்லையா. அதன் கீழே அலுவலகத் தொலைபேசி எண் இருக்கும். அது மரியாதைக்காகப் போட்ட எண். யாரும் கூப்பிடமாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தோம். தேசம்மா கூப்பிட்டார். முதல் நாளே திட்டுவதற்காகத்தான்.

அந்தத் திட்டுக்குக் காரணம் என் முதல் தவறு. காற்று சுமந்துகொண்டு போகும் வெப்பம், ஈரம், மேகத்துளி எல்லாவற்றையும் மாடல் நிலப்படத்தைப் பிரித்திருக்கும் கட்டங்களில் ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு நகர்த்தும் கணக்குக்கு அட்வெக்‌ஷன் என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். ஈரமான கட்டமும் வறண்ட கட்டமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் தாண்டிப்போய், வறண்ட பக்கத்தில் ஈரத்தைப் பூஜ்யத்துக்கும் கீழே இறக்கிவிடும். பூஜ்யத்துக்குக் கீழே தண்ணீர் கிடையாது. எனவே நிரல் அதைப் பூஜ்யமாக்கிவிட்டு மேலே போகும். ஒவ்வொரு முறை அப்படிச் செய்யும்போதும் எங்கிருந்தும் வராத தண்ணீர் கொஞ்சம் வானத்தில் சேரும். நம் கரையில் ஒருபக்கம் கடல், ஒருபக்கம் காய்ந்த தரை. எல்லை கத்தி மாதிரி இருக்கும். ஆகவே கோவளத்திலிருந்து கடப்பாக்கம் வரை என் மாடல் இல்லாத தண்ணீரை உண்டாக்கி மழையாகப் பெய்யவைத்தது. அதைத் தடுக்கும் அமைப்பு அதே கோப்பில், அடுத்த வரியில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

மழை வரும் என்று செய்தி அனுப்பினோம். தேசம்மாவின் குழு விரித்த நெத்திலியை அள்ளி ஏலக்கூடத்தில் போட்டு மூடியது. அன்று முழுக்க வெயில். பாதி காய்ந்த மீன் மூடிய இடத்தில் புழுங்கி, கறுத்து, கோழித் தீவனத்துக்குப் போயிற்று. சாயங்காலம் தொலைபேசி அடித்தது.

“மழை ஆபீசா?”

“ஆமாம், சொல்லுங்க.”

“புதுப்பட்டினத்துலேர்ந்து தேசம்மா பேசறன். உன் மழை எந்த ரோட்டுல வந்துகினு கீது மேடமு? ஈசிஆர்லயா, ஜிஎஸ்டிலயா? நாங்க பன்னெண்டு பேரு காலைலேர்ந்து மூஞ்சிய மேல தூக்கினு நிக்கறோம். கழுத்து வலிக்குது.”

நான் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் காலைச் செய்தியின் முதல் வரியாக, ‘நேற்று மழை என்று நாங்கள் சொன்னது தவறு’ என்று போட்டேன். தேசம்மா மறுபடி கூப்பிட்டார். “தப்புன்னு ஒத்துக்கற ஆபீச இப்பதான் பாக்கறன்” என்றார். அதுமுதல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கூப்பிடுவார். பாராட்டுவதற்கு ஒருமுறைகூட இல்லை.

இரண்டாவது தவறு முதலாவதைவிடப் பெரியது. காரணம், அதற்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

கோடைப் பிற்பகல்களில் மாடல் அடிக்கடி விழும். எங்காவது ஒரு கட்டத்தில் காற்று கணக்கு தாங்காத வேகத்தில் மேலே ஏறும், எண்கள் கட்டுமீறிப் பெருகும், நிரல் நின்றுவிடும். பெரும்பாலும் ஜவ்வாது மலைச் சரிவில் விழும். அங்கே தரையே செங்குத்து என்பதால் அதில் ஆச்சரியம் இல்லை. இதற்கு ஒரு வழி, கணக்கிடும் நேர இடைவெளியைச் சிறிதாக்குவது. அப்படிச் செய்தால் ஓடிமுடிய நேரம் ஆகும். இன்னொரு வழி தணிப்பைக் கூட்டுவது. காற்றின் சின்னச்சின்ன நெளிவுகளைத் தேய்த்துச் சமமாக்குவது ஒரு தணிப்பு. மேலேறும் காற்றுக்கு பிரேக் போடுவது இன்னொன்று. அந்த ஆண்டு கோடைக்கு முன்பே நான் இரண்டையும் கூட்டினேன். துணிக்கு இஸ்திரி போடுகிற வேலைதான் இது. சுருக்கம் போகும். சூடு அதிகமானால் ஜரிகையும் போகும். அந்த இரண்டாவது வாக்கியம் எனக்கு அப்போது தோன்றவில்லை.

மாடல் விழுவது நின்றது. ஒரு வாரம், ஒரு மாதம் என்று போயிற்று. எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சாலமனுக்குத் தலைகால் புரியவில்லை. இன்று உங்களுக்கு அவர் மூத்த அதிகாரி. அன்று அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டி உள்ளே ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு வளர்த்த பிள்ளை. அந்த வீட்டில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்த முதல் ஆள் அவர். மாடல் விழுந்தால் அதைத் தன்மேல் சொல்லப்பட்ட குறையாக எடுத்துக்கொள்வார். அந்த வெள்ளைப் பலகையை வாங்கி மாட்டியது அவர்தான். ‘மாடல் விழாத நாட்கள்’ என்று நீல மையில் எழுதி, தினமும் காலையில் எண்ணை மாற்றுவார். மாற்றும்போது நாங்கள் யாராவது பார்க்கிறோமா என்று திரும்பிப் பார்ப்பார். நாங்களும் பார்ப்போம். நூறாவது நாளன்று இனிப்பு. இருநூறாவது நாளுக்கு பிரியாணி என்று இயக்குநர் அறிவித்தார்.

இந்த மாதங்களில் தேசம்மா சொன்னவற்றை எங்கள் பதிவேட்டில் இன்றும் படிக்கலாம். ‘நேத்து சாயங்காலம் நல்லா ஊத்திச்சி, நீ ஒண்ணியும் சொல்லல.’ ‘இடி இடிச்சுது மேடமு, உன் மிஷினுக்குக் காது கேக்காதா?’ ஒவ்வொன்றுக்கும் எதிரே என் கையெழுத்தில் ஒரே குறிப்பு: ‘உள்ளூர்த் தூறல்’. எங்கள் தொழிலில் அது வசதியான சொல். மழை பெய்ததையும் மறுக்காது, நம் தவறையும் சொல்லாது. ஒன்றுக்குக்கூடத் திருத்தம் போடவில்லை. பலகையில் எண் ஏறிக்கொண்டிருந்தது.

ஆடி மாதக் கடைசி. பலகையில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது. மறுநாள் பிரியாணிக்குச் சொல்லியாயிற்று. சாலமன் தன் அம்மாவை மறுநாள் அலுவலகத்துக்கு வரச்சொல்லியிருந்தார். மகன் வேலை செய்யும் இடத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. காலை பதினொரு மணிக்கு, ‘மழை இல்லை’ என்று செய்தி போனது. பன்னிரண்டேகால் மணிக்குத் தொலைபேசி.

“மேடமு, தேசம்மா. ஒரே ஒரு வார்த்த கேக்கணும். இன்னிக்கி மழ உண்டா, இல்லியா?”

“காலையிலயே செய்தி அனுப்பினோமே. மழை இல்ல.”

“செய்தி வந்திச்சி. உன் வாயால கேக்கறன். ஏன்னா இன்னிக்கி விசயம் வேற.”

அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். சென்னையில் ஒரு கடை, மணல் ஒட்டாத நெத்திலி வேண்டும் என்று இவர்களிடம் முதல்முறையாகக் கேட்டிருந்தது. அதற்காகக் குழுவினர் மூங்கில் நட்டு, இடுப்பு உயரத்துக்கு வலைப் பரண் கட்டியிருந்தார்கள். பல வாரம் கைவிட்ட கடல் நேற்று வாரிக் கொடுத்திருந்தது. முதல் சரக்கு முழுதும் இப்போது பரண்மேல் காய்கிறது. மறுநாள் விடிந்ததும் வண்டி வரும். சரக்கு நன்றாக இருந்தால் வாரந்தோறும் எடுப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார். நனைந்தால் கோழித் தீவனம்தான். இரண்டாவது வாய்ப்புக் கிடையாது.

“பரண்மேலேர்ந்து அள்றது தரைலேர்ந்து அள்றாப்ல இல்ல. பன்னெண்டு பேரு கை வெச்சாலும் ஒண்ற மணி நேரம் ஆவும். மழ வந்தப்புறம் நீ சொல்லி புண்ணியம் இல்ல. அதான் கேக்கறன்.”

“மேற்கே ஏதாவது கறுப்பு தெரியுதா?”

“ஒண்ணியும் இல்ல. ஆனா கடல் காத்து இன்னிக்கி ஒரே அடியா அடிச்சிச்சி. அஞ்சு நிமிசம் முன்னாடி வேர்த்து ஊத்திகினு இருந்தோம். இப்ப தலைப்பு நிக்கமாட்டேங்குது.”

பார்த்துச் சொல்ல அரைமணி நேரம் அவகாசம் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். புதுப்பட்டினத்தில் எங்கள் தானியங்கி நிலையம் ஒன்று இருந்தது. அதன் வரைபடத்தைத் திறந்தேன். பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குத் தொடங்கி, பத்தே நிமிடத்தில் வெப்பம் நான்கு டிகிரி இறங்கியிருந்தது; மேற்கே இருந்து வந்த காற்று தென்கிழக்குக்குத் திரும்பியிருந்தது. கோடு படிக்கட்டு மாதிரி செங்குத்தாக விழுந்தது. அதே இடத்துக்கு, அதே நேரத்துக்கு மாடல் வரைந்த கோட்டைப் பக்கத்தில் வைத்தேன். அதில் கடல் காற்று பதினொரு மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிவரை சாவகாசமாக வந்துகொண்டிருந்தது. சரிவுப்பாதை மாதிரி வழவழவென்று ஒரு கோடு.

நாளிதழில் படத்தையும் படக்குறிப்பையும் சேர்த்துப் பார்க்கப் பழக்குவார்கள். படத்தில் நான்கு பேர் இருந்து குறிப்பில் மூன்று பெயர் இருந்தால் ஒருவரைக் காணோம் என்று அர்த்தம். இங்கே காணாமல் போயிருந்தது ஒரு சுவர். கரையோரத்தில் கடல் காற்று ஒரு சுவர்போல உள்ளே நகரும். எதிரே மேற்குக் காற்று வந்து அந்தச் சுவரில் மோதும். மோதும் இடத்தில் காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. நம் பக்கத்துப் பிற்பகல் இடிமழை பிறப்பது அந்த இடத்தில்தான். என் தணிப்பு அந்தச் சுவரைத் தேய்த்துச் சரிவாக்கியிருந்தது. மீறி ஏறிய காற்றுக்கு பிரேக் போட்டிருந்தது. மாடல் விழாமல் இருந்ததற்கும் தேசம்மாவின் மழை அதில் வராமல் இருந்ததற்கும் காரணம் ஒன்றே.

சாலமனிடம் போனேன். “தணிப்பைப் பழைய அளவுக்குக் குறைச்சு, பிரேக்கை எடுத்துட்டு, மத்தியான ஓட்டத்தை இப்பவே ஆரம்பிக்கணும்.”

அவர் பலகையைப் பார்த்தார். “மேடம், நாளைக்கு இருநூறு.”

“தெரியும்.”

“நாளைக்குச் சாப்பிட்டுட்டு மாத்திக்கலாமே. எங்கம்மா வேற வர்றாங்க.”

“மழை இன்னைக்கே வந்துட்டா?”

“வருதுன்னு யார் சொன்னது? நம்ம மாடல் சொல்லலியே.”

“அதைச் சொல்லவிடாம வச்சிருக்கறது நான்தான் சாலமன்.”

வரைபடத்தைக் காட்டினேன். இரண்டு கோடுகளையும் மாறிமாறிப் பார்த்தார். கெட்டிக்காரர், விளக்கம் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கோப்பைத் திறந்தார். “விழுந்துச்சுன்னா பலகைய நீங்கதான் அழிக்கணும். நான் அழிக்கமாட்டேன்” என்றார்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு ஓட்டம் தொடங்கியது. ஒன்று ஐந்துக்கு விழுந்தது.

துணியை எடுத்துப் பலகையை அழித்தேன். பூஜ்யம் எழுதினேன். முதுகுக்குப் பின்னால் சாலமன் திரையில் பிழைச்செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார். எங்கே விழுந்ததோ அந்தக் கட்டத்தின் எண்களை நிரல் கடைசியாக எழுதிவிட்டுத்தான் சாகும். அந்த எண்களை யாரும் படிப்பதில்லை. ஜவ்வாது மலை என்று எல்லோருக்கும் முன்பே தெரியுமே.

“மேடம், இது மலை இல்ல.”

“வேற எங்க?”

“எங்க ஊரு.” திரையில் விரலை வைத்தார். “எங்க ஊர்க் கட்டத்தோட நம்பர் எனக்கு மனப்பாடம். அதுக்கு ரெண்டு கட்டம் மேற்க விழுந்திருக்கு. மாடல் கணக்குப்படி மணி மூணு. அங்க ஏரியும் வயலும்தான் மேடம். மலைன்னு சொல்ல ஒரு பாறைகூடக் கிடையாது.”

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். தட்டையான வயல்வெளியில், கடல் காற்றும் மேற்குக் காற்றும் மோதும் கோட்டில், பிற்பகல் மூன்று மணிக்கு, கணக்கு தாங்காத வேகத்தில் காற்று மேலேறுகிறது என்று மாடல் சொல்லிவிட்டு விழுந்திருக்கிறது. குறைசொல்ல அங்கே மலையில்லை. ஆகவே விழுந்ததே முன்னறிவிப்பாக இருக்கலாம். அல்லது வெறும் எண் விபத்தாகவும் இருக்கலாம். மழை வரைபடம் எதுவும் கையில் இல்லை. இடைவெளியைச் சிறிதாக்கி மறுபடி ஓட்டினால் முடிய இரண்டே முக்கால் ஆகும். மூன்று மணிக்கு எழும் மேகம் மேற்குக் காற்றில் மிதந்து நான்கு மணியை ஒட்டிக் கரைக்கு வரும். இரண்டே முக்காலுக்குச் சொன்னால், பரணைக் காலிசெய்ய ஆகும் ஒன்றரை மணி நேரம் முடிவதற்குள் மழை வந்துவிடும். இப்போதே சொல்லி மழை வராவிட்டால், முதல் தவறின் அதே கதை: பாதி காய்ந்த மீன், ஒரு பகல் வெயில் வீண், காலையில் வண்டி.

சாலமன் மறு ஓட்டத்தைத் தொடங்கிவிட்டு, நான் கேட்காமலே அம்மாவுக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் வைத்தார்.

“யம்மா, வெளிய வந்து மேற்கால பாரு. வானம் எப்டி கீது?”

“இன்னாடா, ஆபீஸ்ல வானமில்லியா? வெயிலாத்தான் கீது.”

“மேகம்?”

“வெள்ளையா ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. கோபுரமாட்டம் மேல ஏறிகினே கீது. நாளைக்கு நான் எந்தப் பொடவ கட்டினு வர்றது?”

“அப்புறம் சொல்றேன்மா.”

இயக்குநர் அறைக்குப் போனேன். திருத்தம் அனுப்பவேண்டும் என்றேன். எதை வைத்து என்று கேட்டார்.

“மாடல் விழுந்த இடத்தை வைத்து.”

கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “நாளைக்கு மேலிடத்துல யாராவது கேட்டா இதைத்தான் சொல்லப்போறோமா?”

“ஆமாம். கூடவே சாலமன் அம்மா பார்த்த மேகம் ஒண்ணு.”

அவர் சிரித்துவிட்டார். “அனுப்புங்க. காலைச் செய்தி போன எல்லாருக்கும் போகணும்” என்றார்.

‘திருத்தம்: காலையில் மழை இல்லை என்று சொன்னது தவறாக இருக்கலாம். மூன்றரை மணிக்கு மேல் கல்பாக்கம் முதல் கடப்பாக்கம் வரை இடியுடன் மழை வரக்கூடும். காயவைத்ததை எடுத்துவிடவும்.’ மணி ஒன்று இருபது. அது போன கையோடு தேசம்மாவைக் கூப்பிட்டேன்.

“அள்ளிடுங்க தேசம்மா.”

“காலைல இல்லன்ன.”

“காலையில சொன்னது தப்பு.”

“இப்ப சொல்றது?”

“உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா பரண்மேல இருக்கறது என் மீனா இருந்தா அள்ளுவேன்.”

காற்றின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டார்: “போன தபா மாதிரி ஆச்சுனா?”

“காலையில வண்டி வரும்போது நானும் வந்து நிக்கறேன். நேர்லயே திட்டுங்க.”

“திட்டறதுக்கு எதுக்கு நேர்ல? போன்லயே நல்லா திட்டுவன்.” தொலைபேசியை வைக்கும் முன்பே அவர் குரல் திரும்பி வேறு யாரையோ கூப்பிட்டது: “ஏய், சோத்த அப்புறம் துன்னலாம், எழுந்து வாங்கடி.”

அதற்குப் பிறகு வந்த இரண்டு மணி நேரம்போல என் பணிக்காலத்தில் வேறு இல்லை. செங்கல்பட்டில் வெயில் கொளுத்தியது. ஏரித் தண்ணீர் ஜன்னல்வழியாகக் கண்ணைக் கூசவைத்தது. இரண்டு பத்துக்குத் தொலைபேசி.

“மேடமு, வெயிலு மண்டைய பொளக்குது. பாதி அள்ளியாச்சி. பதினோரு பொம்பளைங்களும் என்னியே பாத்துகினு கீறாங்க. கல்பாக்கம் டவுன்ஷிப்லேர்ந்து மீன் வாங்க வந்த ஆளு கேக்கறான், இன்னா தேசம்மா, வெயிலுக்கு பயந்து மீன உள்ள வெக்கறியான்னு.”

“மீதியையும் அள்ளுங்க.”

“பேஜாரு புடிச்ச ஆபீசுப்பா உன்னுது” என்று வைத்துவிட்டார். ஆனால் அள்ளினார்.

இரண்டு நாற்பதுக்கு மறு ஓட்டம் முடிந்தது. இந்த முறை விழவில்லை. சாலமன் மழை வரைபடத்தைத் திறந்தார். அவர் ஊருக்கு மேற்கே ஒரு புள்ளி, பிறகு ஒரு கீற்று. கரையை நோக்கி நகர்ந்து, மூன்றே முக்காலுக்குப் புதுப்பட்டினத்தைத் தாண்டிக் கடலுக்குள் போயிற்று. மாடல் இப்போது நம் பக்கம் இருக்கிறது. வானம் எந்தப் பக்கம் என்று இன்னும் தெரியாது. மூன்று பத்துக்குத் தெற்கே எங்கோ முதல் இடி கேட்டது. சாலமன் எழுந்து ஜன்னலைத் திறந்தார். மறுபடி இடித்தது. இயக்குநர் தன் அறையிலிருந்து வெளியே வந்து, எதற்காக வந்தோம் என்று மறந்தவர்போல நடுவில் நின்றார்.

மூன்று ஐம்பத்திரண்டுக்குத் தொலைபேசி. எடுத்தேன். தகரக் கூரைமேல் லாரி லாரியாகக் கூழாங்கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். சாலமனும் இயக்குநரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டேன். அந்தச் சத்தத்துக்குள் பெண்கள் கூட்டமாகச் சிரிப்பது கேட்டது. கொஞ்சநேரம் கழித்துத் தேசம்மா கத்தினார்: “கேக்குதா மேடமு?”

“கேக்குது.”

“ஏலக்கூடத்துல நிக்கறோம். ஒரு நெத்திலி நனையல. கடைசிக் கூடைய தூக்கினு வந்த தேவிதான் நனஞ்சிட்டா. அவ போனா போவுது.”

பின்னால் தேவி ஏதோ பதில் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலை சாலமன் தயங்கித் தயங்கி இயக்குநரிடம் கேட்டார். “சார், இருநூறு ஆகலியே. பிரியாணிய வேணாம்னு சொல்லிடலாமா?”

“எதுக்கு? சாப்பிடவேண்டிய நாளே இன்னைக்குத்தான்” என்றார் அவர்.

சாலமனின் அம்மா பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். கணினி அறையின் குளிரைப் பற்றிக் குறைசொன்னார். பலகையைப் பார்த்துவிட்டு மகனை ஓரமாக இழுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “இன்னாடா, முட்ட போட்டு வெச்சிகீறாங்க? பெயிலா?” என்றார். வண்டியை ஏற்றி அனுப்பிவிட்டு, தேசம்மாவும் குழுவில் மூன்று பேரும் பேருந்து பிடித்து வந்தார்கள். கையில் ஒரு பை நெத்திலி. அந்த மேகத்தைப் பார்த்துச் சொன்னது இந்த அம்மாதான் என்று அறிமுகம் செய்தேன். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எங்களைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் தேசம்மா பலகையின் முன்னால் போய் நின்றார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சாலமன் விளக்கினார். தேசம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, “உன் மிஷினு விழுந்தா எனக்கின்னா, எழுந்தா எனக்கின்னா? நான் திட்டினா அழி, திட்டாட்டி எழுது” என்றார். சாலமன் சிரிக்கவில்லை. துணியை எடுத்துப் பழைய தலைப்பை அழித்தார். இன்று நீங்கள் பார்க்கும் தலைப்பை எழுதினார். நீல மை தீர்ந்துவிட்டதால் சிவப்பில் எழுதினார். அதனால்தான் அது சிவப்பு.

பிறகு நாங்கள் தணிப்பைத் தேவையான அளவுக்குக் குறைத்து, இடைவெளியைச் சிறிதாக்கினோம். ஓட்டம் முடிய நேரம் கூடியது. மாடல் இப்போதும் மாதத்தில் ஓரிரு முறை விழுகிறது. விழும்போது தணிப்பைக் கூட்டக் கை துறுதுறுக்கும். அந்தக் கையைத்தான் பயப்படச் சொல்கிறேன். முதலில் எங்கே விழுந்தது என்று பாருங்கள். மலையா, வயலா என்று பாருங்கள். அங்கே யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் வெளியே வந்து மேற்கே பார்க்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் ‘உள்ளூர்த் தூறல்’ என்று எழுத நேர்ந்தால், அதே வரியில் அந்த உள்ளூர் எது, நனைந்தது யார் என்றும் எழுதுங்கள். எழுதிப்பார்த்தால் அந்தச் சொல் அவ்வளவு வசதியாக இருக்காது.

புதிய தலைப்பின்கீழ் எண் இருபதைத் தாண்டியதே இல்லை. நான் ஓய்வுபெற்ற நாளில் பத்தொன்பது. மாலை நான்கு மணிக்கு மாலை போட்டு, ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசி, காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தொலைபேசி அடித்தது. பழக்கதோஷத்தில் நானே எடுத்தேன்.

“தேசம்மா பேசறன். நீ இன்னியோட போறியாமே? இத்தினி வருசம் காத்து வருது, மழ வருதுன்னு ஒவ்வொண்ணா சொன்ன. நீ போறத மட்டும் ஒரு வார்த்த சொன்னியா? அந்தச் சாலமன் தம்பி சொல்லி எனக்குத் தெரியணுமா? இன்னா பொம்பள நீ?”

நிறுத்தாமல் ஐந்து நிமிடம் திட்டினார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாலமன் காப்பி டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டுப் போய், பத்தொன்பதை அழித்து, பூஜ்யம் எழுதினார்.